புதிர்ப்போட்டி பார்க்கும்போது நாம் புத்திசாலியா, ஒன்றும் தெரியாதவரா?

இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடும்பமாக உட்கார்ந்து தொலைக்காட்சியில் புதிர்ப்போட்டி பார்ப்பது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. முதல் நான்கைந்து கேள்விகளுக்குப் போட்டியாளரை முந்திக்கொண்டு நாமே பதில் சொல்லிவிடுகிறோம். அவர் தடுமாறினால், “இதுகூடத் தெரியாமலா அங்கே போய் உட்கார்ந்தார்?” என்று கேலி செய்கிறோம். கேள்விகள் கடினமானதும் வீடு அமைதியாகிவிடும். “நமக்கு என்னதான் தெரியும்?” என்ற எண்ணம் வரும்.

அரை மணி நேரத்துக்குள் ஒரே ஆள் மேதையாகவும் ஒன்றும் தெரியாதவராகவும் மாறுவது எப்படி? இந்த இரண்டு உணர்வுகளும் பெரும்பாலும் நிகழ்ச்சி அமைக்கப்பட்ட விதத்தால் வருபவை. நம் அறிவை அளக்கும் தராசு அது ஆகாது. பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைப் புரிந்துகொள்வது நல்லது. ஏனெனில், “இதுகூடத் தெரியாதா?” என்ற சொல்லை அதிகம் கேட்பவர்கள் அவர்கள்தான்.

ஏணி போன்ற கேள்விகள்

இன்று நாம் பார்க்கும் பல போட்டிகளுக்கு முன்னோடி, 1998 செப்டம்பர் 4-ஆம் தேதி பிரிட்டனில் தொடங்கிய ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’. 2000 ஜூலை 3-இல் அமிதாப் பச்சன் அதை இந்தியில் ‘கோன் பனேகா குரோர்பதி’ என நடத்தத் தொடங்கினார். தமிழில் 2012-இல் நடிகர் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

பிரிட்டனின் மூல நிகழ்ச்சியில் 15 கேள்விகள். முதல் சில கேள்விகள் வேண்டுமென்றே எளிதாக வைக்கப்பட்டிருக்கும். வீட்டில் இருப்பவரும் சேர்ந்து பதில் சொன்னால்தான் அவர் அலைவரிசையை மாற்றாமல் பார்ப்பார். பிறகு படிப்படியாகக் கடினமாகும். தொடக்கத்தில் வரும் பெருமிதமும் பின்னர் வரும் தாழ்வு மனப்பான்மையும் அந்த ஏணியின் படிகளிலேயே இருக்கின்றன.

“எனக்கு முன்பே தெரியும்”

அடுத்தது, நான்கு விடைகள் திரையில் தெரிவது. ஒரு பெயரை நினைவிலிருந்து நாமே எடுத்துச் சொல்வது வேறு. கண்முன் இருக்கும் நான்கு பெயர்களில் ஒன்றை அடையாளம் காண்பது வேறு. இரண்டாவது மிகவும் எளிது. ஒன்றுமே தெரியாவிட்டாலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

சரியான விடை தெரிந்த பிறகு இன்னொன்றும் நடக்கிறது. “அதைத்தான் நானும் நினைத்தேன்” என்கிறோம். முடிவு தெரிந்தபின், அது முன்பே தெரிந்ததுபோல் மனம் நம்மை நம்பவைக்கும். உளவியல் ஆய்வாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் இதை ஆய்வு செய்து வெளியிட்டார். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. நம் மனம் அப்படித்தான் வேலை செய்கிறது.

மேலும், சோபாவில் இருக்கும் நமக்கு இழக்க ஒன்றுமில்லை. தவறாகச் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். மேடையில் இருப்பவருக்கோ ஒரு தவறான விடையால் கையில் வந்த பணம் பறிபோகும். விளக்கும் கேமராவும் சுற்றியிருக்க, தெரிந்த பதிலும் தொண்டையில் நின்றுவிடும்.

நம் வீட்டில் பதில் சொல்வது ஒருவர் மட்டுமல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். சினிமா கேள்விக்கு அம்மா, காற்பந்துக்கு அண்ணன், அறிவியலுக்குத் தங்கை எனப் பதில் வரும். கடைசியில் “எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான்” என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொள்வோம். அமெரிக்க மில்லியனர் நிகழ்ச்சியில் அரங்கிலிருந்த பார்வையாளர்கள் வாக்களித்த விடை சுமார் 91 விழுக்காடு சரியாக இருந்தது என்றும், தொலைபேசியில் அழைக்கப்பட்ட நண்பர்கள் சுமார் 65 விழுக்காடுதான் சரியாகச் சொன்னார்கள் என்றும் ஜேம்ஸ் சுரோவிக்கி 2004-இல் எழுதிய நூலில் குறிப்பிட்டார். கூட்டத்தின் அறிவு தனியாளின் அறிவைவிடப் பெரிது.

கேள்வி கேட்பவரே அறிவாளியா?

1977-இல் லீ ராஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கேட்பவர் தமக்கு நன்கு தெரிந்த துறைகளிலிருந்து 10 கடினமான கேள்விகளைத் தாமே தயாரிக்க வேண்டும்.

பதில் சொன்னவர்கள் 10-க்குச் சுமார் 4 மட்டுமே சரியாகச் சொன்னார்கள். பிறகு இருவரின் பொது அறிவையும் மதிப்பிடச் சொன்னபோது, பதில் சொன்னவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் கேள்வி கேட்டவரையே பெரிய அறிவாளி என்றார்கள். குலுக்கல் மாறி விழுந்திருந்தால் மதிப்பீடும் மாறியிருக்கும் என்பதை அவர்கள் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை.

தொலைக்காட்சியிலும் இதுதான் நடக்கிறது. விடை எழுதிய தாளைக் கையில் வைத்திருப்பவர் எப்போதும் அறிவாளியாகவே தெரிவார்.

ஜொகூரிலிருந்து கேள்வி வந்தால்?

தமிழ்நாட்டில் தயாராகும் நிகழ்ச்சியில், தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள் என்று கேட்டால் ஜொகூர்பாருவில் வளர்ந்த பிள்ளை விழிக்கலாம். விடை 38. அதே கேள்வியைத் திருப்பிப் போடுவோம்: ஜொகூரில் எத்தனை மாவட்டங்கள்? ஜொகூர்பாரு, குலாய், குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங், பொந்தியான், பத்து பகாட், மூவார், தங்காக், சிகாமட் என 10. இதற்குச் சென்னையின் பெரிய போட்டியாளரும் விழிப்பார். ஜொகூர் கடற்பாலம் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட ஆண்டு 1924 என்பதும் அப்படித்தான்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த பாட்டியிடம் கேளுங்கள். பால்மரத்தை ஏன் விடியுமுன் சீவ வேண்டும்? குளிர்ந்த நேரத்தில் மரத்தினுள் அழுத்தம் அதிகமாக இருப்பதால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். ஒட்டுப்பால் எது, எந்தப் பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் மரம் கெடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அதை எந்த நிகழ்ச்சியும் கேட்பதில்லை. அதனால் அவர், “எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். வீட்டில் உள்ளவர்களும் அதை நம்பிவிடுகிறோம்.

வெளித்தோற்றத்தை வைத்து அறிவை எடைபோடக் கூடாது என்பதற்கு மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா நல்ல சான்று. கேட்கவும் பேசவும் இயலாத இவர், 2020 ஜனவரியில் ராதிகா சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரி’ நிகழ்ச்சியில் 1 கோடி ரூபாய் வென்றார்.

பிறகு எப்படிப் பார்க்கலாம்?

புதிர்ப்போட்டி வேண்டாம் என்பதல்ல. சரியாகப் பார்த்தால் அது நல்ல பயிற்சி. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள், படித்ததைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களையும், படித்துவிட்டு நினைவுகூர்ந்து எழுதிய மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து முதல் பிரிவினர் முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். பதிலைத் தேடி மனத்தைத் துழாவுவதே கற்றல்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. “இதுதான் சரி” என்று உறுதியாக நம்பிச் சொன்ன விடை தவறாகிவிட்டால், சரியான விடை மனத்தில் நன்றாகப் பதிகிறது என்று 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, தவறான பதிலுக்குச் சிரித்துப் பிள்ளையின் வாயை அடைத்தால், அது கற்றுக்கொள்ளும் வாய்ப்பை நாமே கெடுக்கிறோம். ஒருமுறை கேலிக்கு ஆளான பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. வகுப்பறையிலும் கை தூக்கத் தயங்கும்.

வீட்டில் மூன்று வழக்கங்களைக் கொண்டுவரலாம். நான்கு விடைகள் திரையில் வருமுன் ஆளுக்கு ஒரு பதிலைத் தாளில் எழுதிவிடுங்கள். யாருக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது அப்போது தெரியும். இரண்டாவது, தவறாகச் சொன்னவரிடம், “எதனால் அப்படி நினைத்தாய்?” என்று கேளுங்கள். மூன்றாவது, விளம்பர இடைவேளையில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த துறையிலிருந்து ஒரு கேள்வி கேட்கட்டும். அதில் பாட்டிக்கும் ஒரு முறை கொடுங்கள். அன்று அதிகம் விழிப்பது பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளைகளாகத்தான் இருக்கும்.