ஆறும் சிக்ஸும்

டீ சூடாக இருக்கிறது, ஆற்றிக் குடியுங்கள். எல்கேஜி போகும் பிள்ளைக்கு எண்களைத் தமிழில் சொல்லித் தருவதா, இங்கிலீஷிலா என்றுதானே கேட்டீர்கள்? இரண்டிலும் சொல்லித் தரலாம். இரண்டு மொழியால் பிள்ளை குழம்பிவிடும் என்ற பயமே வேண்டாம். ஒப்பிப்பதை எண்ணுவது என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

மூன்று வயதுப் பிள்ளை ஒன்று முதல் பத்து வரை கடகடவென்று சொல்லும். புளியங்கொட்டையைக் குவித்து வைத்து, "அஞ்சு எடுத்துத் தா" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கை அள்ளிக் கொடுத்துவிடும். உளவியலாளர் கேரன் வின், 1990-ல் வெளியிட்ட ஆய்வில் பொம்மைகளை வைத்து இப்படித்தான் கேட்டுப் பார்த்தார். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிள்ளைகளுக்கு மூன்றரை வயதை ஒட்டித்தான் பிடிபடுகிறது. அது ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் போதும். அடுத்த மொழிக்குப் புதுப் பெயர்களை மட்டும் கற்றால் ஆயிற்று.

அதைப் பிடிபட வைக்க நம் குற்றாலத்தில் ஓர் அருமையான பொருள் இருக்கிறது. சாரல் நேரத்தில் கடைவீதியில் மங்குஸ்தான் விற்பார்களே, அதில் ஒரு பழத்தை எடுங்கள். காம்புப் பக்கம் இருக்கும் பச்சை இதழ்களை விட்டுவிடுங்கள், அவை எப்போதும் நாலுதான். பழத்தைக் கவிழ்த்தால் அடியில் பூப்போல ஒரு தழும்பு தெரியும். பிள்ளையின் விரலைப் பிடித்து அதன் இதழ் ஒவ்வொன்றிலும் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணச் சொல்லுங்கள். ஆறு என்று வைத்துக்கொள்வோம். இப்போது தோலைப் பிளந்து வெள்ளைச் சுளைகளை எண்ணுங்கள், இந்த முறை இங்கிலீஷில்: "ஒன், டூ, த்ரீ..." சிக்ஸில் வந்து நிற்கும். அந்தத் தழும்பு பூவின் சூல்முடி. அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. ஆறும் சிக்ஸும் ஒரே அளவு என்று பிள்ளைக்கு நாம் விளக்கவே வேண்டாம், கையில் இருக்கிறது. (தோலின் சாறு சட்டையில் பட்டால் லேசில் போகாது, பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒருமுறை எண்ணத் தொடங்கினால் முடியும்வரை ஒரே மொழி. "ஒண்ணு, டூ, மூணு" என்று கலந்தால் வரிசை மனதில் நிற்காது.

பத்தைத் தாண்டியதும் தமிழ் பெரிய உதவி செய்கிறது. பதின்மூன்று என்னும்போது பத்து முதலில், மூன்று பிறகு. 13 என்று எழுதுவதும் அதே வரிசையில்தான். தேர்ட்டீனில் மூன்று முன்னால் வருகிறது, அதனால் 31 என்று எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. தேர்ட்டீன், தேர்ட்டி இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் கேட்பது இன்னொரு தொல்லை. லெவன், ட்வெல்வ் இரண்டிலும் பத்து இருக்கும் சுவடே தெரியாது. ஸ்பானிஷிலும் பதினைந்து வரை தனித்தனிச் சொற்கள். பதினாறிலிருந்துதான் பத்தும் ஆறும் என்று சேர்த்துச் சொல்கிறார்கள். சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்ட 1995-ஆம் ஆண்டு ஆய்வில், பத்து வரை இருவரும் சமம். சீன மொழியில் பத்து-ஒன்று, பத்து-இரண்டு என்று நேராகச் சொல்வதால், பதினொன்று தொடங்கி அமெரிக்கப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். ஆகவே லெவன் சொல்லித் தரும்போது பத்துக் கொட்டையும் ஒரு கொட்டையும் தனித்தனியாக வைத்து, முதலில் பதினொன்று என்று சொல்லுங்கள். பிறகு லெவன்.

தமிழிலும் ஒரு மேடு உண்டு. எண்பத்தொன்பதுக்கு அடுத்து தொண்ணூறு. நூறு என்ற ஒலி கேட்பதால் பிள்ளை தடுமாறும். அந்த இடத்தில் நைன்ட்டி நேராக இருக்கிறது, அதைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. ஆச்சி "எழுபத்தெட்டு ரூபா" என்றால், "அப்படின்னா செவன்ட்டி எய்ட்டா?" என்று கேட்கும் பிள்ளைகள் தென்காசியிலேயே வளர்கிறார்கள். அரசுப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் 2019-லேயே எல்கேஜி, யூகேஜி வந்துவிட்டது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பொருட்களை வைத்துத்தான் கணக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் எண் வீட்டில்தான் கிடைக்கும். விலை, வயது, வீட்டு நம்பர், மீதிச் சில்லறை என்று எது வந்தாலும் தமிழிலும் சொல்லுங்கள். தென்காசிப் பெரிய கோயிலுக்குப் போனால் ராஜகோபுரத்தின் ஒன்பது நிலைகளையும் கீழிருந்து எண்ணச் சொல்லுங்கள். ஐந்தருவிக்குப் போனால் தண்ணீர் விழும் கிளைகளை. பாராமல் ஒப்பிக்க மட்டும் சொல்லாதீர்கள்.