வீட்டு முயல் வளர்ப்பும் விற்பனையும்: தூத்துக்குடி வட்டாரத்திற்கான சட்ட விதிகள்

வீட்டுத் தோட்டத்திலோ மாடியிலோ சில கூண்டுகள் வைத்து முயல் வளர்ப்பது குறைந்த முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழிலாகும். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ ஒரு மாதம்தான். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை கிடைக்கும். இந்தியாவில் முயல் வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் ஏதும் இல்லை. எந்த முயலை வளர்க்கிறோம், அதை உயிருடன் விற்கிறோமா இறைச்சியாக விற்கிறோமா என்பதைப் பொறுத்து வெவ்வேறு சட்டங்கள் பொருந்துகின்றன.

காட்டு முயலும் வளர்ப்பு முயலும்

தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடுகளிலும் பொட்டல்களிலும், வல்லநாடு வெளிமான் சரணாலயத்திலும் திரிவது கருப்புப் பிடரி கொண்ட இந்தியக் காட்டு முயல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இதனைப் பாதுகாக்கப்பட்ட விலங்காகப் பட்டியலிட்டுள்ளது. சட்டத்தின் அட்டவணைகள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட பின்னரும் இப்பாதுகாப்பு தொடர்கிறது. கண்ணி வைத்துப் பிடிப்பதும், குட்டியை எடுத்து வந்து வளர்ப்பதும், அதன் கறியை விற்பதும் குற்றங்களே. இவற்றிற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பண்ணைகளில் வளர்க்கப்படுவது ஐரோப்பாவைப் பூர்வீகமாகக் கொண்ட குழிமுயல். வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை போன்றவை இதன் இனங்கள். இதற்கு வனவிலங்குச் சட்டத்தின் தடை இல்லை. காட்டு முயலின் குட்டி உடல் முழுதும் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். குழிமுயலின் குட்டி மயிரின்றிக் கண் மூடிய நிலையில் பிறக்கும். இவை இரண்டும் வெவ்வேறு பேரினங்கள் என்பதால் கலந்து இனப்பெருக்கம் செய்வதில்லை. எனவே “காட்டு முயல் கலப்பினம்” என்று சொல்லி விற்கப்படும் குட்டிகளை வாங்கக் கூடாது. அது பொய்யானால் பணம் வீண். உண்மையில் காட்டு முயலாகவே இருந்தால் வாங்கியவர் மீதும் வழக்கு வரும்.

முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்களுக்கு இந்த விதி புதிதல்ல. 2001இல் கடல் அட்டை இதே சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது முதல், அதைக் கையில் வைத்திருப்பதே குற்றமாகிவிட்டது. முயலிலும் உயிரினம் எது என்பதையே சட்டம் முதலில் பார்க்கிறது. ஆகவே அரசு நிறுவனங்களிடமோ நம்பகமான பண்ணைகளிடமோ குட்டி வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. கொடைக்கானல் அருகே மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் முயல் ஆராய்ச்சியில் நெடுங்காலமாக ஈடுபட்டுவரும் அரசு நிறுவனமாகும்.

உயிருடன் விற்பது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன்படி, உண்பதற்காகப் பக்குவப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவரப்படாத உயிர் விலங்கு “உணவு” ஆகாது. எனவே மற்றொரு வளர்ப்பாளருக்கு உயிர் முயலை விற்க உணவு உரிமம் தேவையில்லை.

செல்லப்பிராணியாக விற்பது வேறு. விலங்குகள் வதைத் தடுப்பு (செல்லப்பிராணிக் கடைகள்) விதிகள், 2018 முயலையும் செல்லப்பிராணி என்றே குறிப்பிடுகின்றன. வாரச்சந்தைக் கடைகளும் இணையவழி விற்பனையும் இவ்விதிகளில் அடங்கும். இத்தகைய கடை நடத்துபவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இறைச்சியாக விற்பது

2011ஆம் ஆண்டு உணவுத் தர ஒழுங்குமுறைகள் “விலங்கு” என்பதற்குத் தந்த வரையறையில் செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினங்களும் கோழியினமும் மீனும் இருந்தன, முயல் விடுபட்டிருந்தது. பட்டியலில் இல்லாத விலங்குகளை இறைச்சிக்காக வெட்ட அனுமதியில்லை என்று 2014இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விளக்கமளித்தது. இதனால் முயல் இறைச்சி விற்பனை முடங்கியது. கேரளத்தின் சிறு பண்ணையாளர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். பின்னர் ஒழுங்குமுறை திருத்தப்பட்டு வளர்ப்பு முயல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. “முயல் கறி தடை செய்யப்பட்டது” என்று இன்றும் சிலர் சொல்வது அந்தக் காலத்தின் எச்சமே.

இன்று இறைச்சி விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ பெற வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு வணிகருக்கு 100 ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் பதிவு போதும் என்று 2011 உரிம விதிகள் வகுத்தன. நடப்பு வரம்பை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இறைச்சிக் கூட விதிகள், 2001 மேலும் சில நிபந்தனைகளை விதிக்கின்றன. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் விலங்குகளை வெட்டலாம். சினையுற்றதையும், மூன்று மாதம் நிரம்பாததையும், மூன்று மாதத்திற்கு உட்பட்ட குட்டி உள்ள தாயையும், கால்நடை மருத்துவரின் சான்று இல்லாததையும் வெட்டக் கூடாது. நன்கு வளர்ந்த முயல் பன்னிரண்டு வார அளவில் இரண்டு கிலோ எடையை நெருங்கும். எடை வந்துவிட்டது என்று அவசரப்பட்டால் வயது விதியை மீற நேரிடும். குட்டி பிறந்த தேதியை ஏட்டில் குறித்து வைப்பது இதற்காகவே.

கூண்டும் அண்டை வீடும்

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 11ஆம் பிரிவின்படி, அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் தீனி, தண்ணீர், தங்குமிடம் போதிய அளவு தராமல் இருப்பதும் குற்றம். தூத்துக்குடி வெயிலில் இது வெறும் ஏட்டு விதியல்ல. முயலுக்கு வியர்த்து உடல் தணியும் வசதி மிகக் குறைவு. வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டினால் அது தளரத் தொடங்கும். தகரக் கூரைக்குப் பதில் ஓலைக் கூரையும் காற்றோட்டமும் தேவை.

எச்சமும் சிறுநீரும் தேங்கி நாற்றம் எழுந்தால் அண்டை வீட்டார் உள்ளாட்சி அமைப்பிடம் முறையிடலாம். பொதுத் தொல்லை என்று கருதப்பட்டால், அதை அகற்ற நிர்வாக நடுவர் உத்தரவிடவும் சட்டத்தில் இடமுண்டு.

திரும்ப வாங்கும் ஒப்பந்தங்கள்

“குட்டியை எங்களிடம் வாங்குங்கள், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்” என்று முன்பணம் கேட்கும் திட்டங்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 2012இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழித் திட்டங்கள் இவ்வாறே சரிந்து, பலர் சேமிப்பை இழந்தனர். அவ்வழக்குகள் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், 1997இன் கீழ் நடைபெற்றன. மாதந்தோறும் நிச்சயத் தொகை தருவதாகச் சொல்லிப் பணம் பெறுவது முயல் வியாபாரமாக இராமல், வைப்புத்தொகை திரட்டுவதாகவே இருக்கக்கூடும். உள்ளூரில் கறிக்கு என்ன விலை, யார் வாங்குவார் என்பதை விசாரித்து அறிந்த பின்னரே கூண்டு செய்யத் தொடங்குவது நல்லது.