எண்ணெயோடு மோதாத உமி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடர் ராபிட்ஸ் என்று ஓர் ஊர். அங்கிருந்த குவேக்கர் ஓட்ஸ் ஆலையில் ஓட்ஸ் உமி மலையாய்க் குவிந்துகொண்டிருந்தது. தீவனமாகவும் அதற்குப் பெரிய மதிப்பில்லை. நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து நீராவியில் வேகவைத்தால், உமியிலிருக்கும் ஐந்து கார்பன் சர்க்கரை மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஃபர்ஃபுரால் என்ற திரவமாகிறது. 1922இல் ஆலை இதை வணிகமாகவே தொடங்கியது. மசகு எண்ணெயைச் சுத்திகரிக்கவும் பிசின்கள் தயாரிக்கவும் வாங்க ஆள் இருந்தது.

பிறகு ட்யூபான்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனம் வந்தது. நைலானுக்கு வேண்டிய அடிப்போநைட்ரைலை ஃபர்ஃபுராலிலிருந்தே செய்தது. உமியில் தொடங்கி நைலானில் முடிந்த தொழில்! ஆனால் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பியூட்டடையீன் மலிவாக வந்ததும், 1961இல் ட்யூபான்ட் உமி வழியைக் கைவிட்டது. வேதியியல் தோற்கவில்லை, விலை தோற்றது.

அதே நிறுவனம், அதே மாநிலம், 2015. நெவாடா என்ற ஊரில், மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ஓர் ஆலை திறந்தார்கள். இம்முறை கழிவு வாசலில் குவிந்திருக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் 30 மைல் தூரம்வரை, ஏறத்தாழ 500 விவசாயிகளின் வயல்களிலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவர வேண்டும். அறுவடையோ இலையுதிர் காலத்துச் சில வாரங்கள்தான். ஆலை ஓட வேண்டியது ஆண்டு முழுவதும். நனையாமல், அழுகாமல், தீப்பிடிக்காமல் அடுக்கிவைக்கும் செலவு வேறு. 2017இல் ட்யூபான்ட் விலகியது. டவ் நிறுவனத்தோடு நடந்த இணைப்புக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் வயலிலேயே கிடக்கும் பொருளை 'இலவசம்' என்று கணக்கில் எழுதுபவரை நான் நம்புவதில்லை.

இன்னொரு கணக்கு ஆக்சிஜனைப் பற்றியது. 100 கிலோ குளுக்கோஸை நொதிக்கவைத்தால், ஒரு துளி வீணாகாவிட்டாலும் 51 கிலோ எத்தனால்தான். அதிலிருந்து நீரை நீக்கி, பிளாஸ்டிக்குக்கு மூலமான எத்திலீன் ஆக்கினால் மிஞ்சுவது 31 கிலோ. மற்றதெல்லாம் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் போய்விடும். நாம் விலை கொடுத்து வாங்கிய எடையில் பாதிக்கு மேல் ஆக்சிஜன். எத்திலீனில் அதற்கு இடமே இல்லை. எண்ணெய்க்கு இந்தத் தண்டச் செலவு கிடையாது.

அப்படியானால் ஆக்சிஜனை விடாமல் வைத்துக்கொள்ளும் பொருளைச் செய்யலாமே? சக்சினிக் அமிலம் அப்படிப்பட்டது. நுண்ணுயிரிகள் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துக்கொள்வதால், 100 கிலோ குளுக்கோஸிலிருந்து ஏட்டளவில் 112 கிலோ வரை கிடைக்கும். இதை நம்பி பயோஆம்பர் நிறுவனம் கனடாவின் சார்னியாவில் ஆண்டுக்கு 30,000 டன் திறனுள்ள ஆலையை 2015இல் திறந்தது. அதற்குள் 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் சரியத் தொடங்கியிருந்தது. 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழ். எண்ணெய் வழியிலும் அதே அமிலத்தைச் செய்ய முடியும் என்பதுதான் சிக்கல். 2018இல் பயோஆம்பர் திவாலானது.

ஃபர்ஃபுராலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதை எண்ணெயிலிருந்து லாபகரமாகச் செய்ய வழி கிடையாது. சீனாவில் மக்காச்சோளச் சக்கையிலிருந்தும், டொமினிகன் குடியரசின் லா ரொமானாவில் சர்க்கரை ஆலைக் கரும்புச் சக்கையிலிருந்தும் இன்றும் காய்ச்சுகிறார்கள்.