அன்று புன்னை எண்ணெய், இன்று பஜ்ஜி எண்ணெய்

பழவேற்காடு ஏரியின் இறாலும் நண்டும் மடவையும் ஒரு காலத்தில் பாய்மரப் படகில் கரை சேர்ந்தன. கூடையில் தலைச்சுமையாகச் சந்தைக்குப் போயின. இன்று படகிலும் டீசல் இன்ஜின், ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் பறக்கும் 'குட்டி யானை' சரக்கு வண்டியிலும் டீசல் இன்ஜின். டீசல் விலை ஏறினால் மீனவர் கையில் நிற்கும் காசு குறைகிறது. அந்த வண்டியை முழுக்கப் பயோடீசலிலேயே ஓட்ட முடியுமா? முடியும். எந்த எண்ணெய், எந்த இன்ஜின் என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. நம் கடற்கரையில் புன்னை எண்ணெய் விளக்கெரித்தது, படகுப் பலகைக்குப் பூச்சானது. நாகப்பட்டினம் மாவட்டம் வேட்டைக்காரனிருப்பில் ஒரு விவசாயி 5 குதிரைத்திறன் பம்ப்செட்டையே புன்னை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்.

பிறகு வந்தது காட்டாமணக்கு விதையிலிருந்து பயோடீசல் எடுக்கும் மோகம். 2017க்குள் டீசலில் 20 சதவீதப் பயோடீசல் கலப்பு என்றது 2009ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை. கோவைப் பக்கம் நம்பி நட்டவர்களுக்குச் சொன்ன விளைச்சல் கிடைக்கவில்லை. தரிசில் தானாக வளரும் செடி, தண்ணீர் விடாமல் காய்த்துக் கொட்டாது. 2018இல் வந்த புதிய கொள்கை, 2030க்குள் 5 சதவீதம் என்று இலக்கைச் சுருக்கிக்கொண்டது.

இன்று எண்ணெய் வயலில் இல்லை, பஜ்ஜிக் கடைச் சட்டியில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தாமல் பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கியது. செய்முறை எளிது. எண்ணெயை வடிகட்டி, ஈரம் போகச் சூடாக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து கலக்கினால், சில மணி நேரத்தில் பழுப்பு நிறக் கிளிசரின் அடியில் தங்கும். மேலே தேன் நிறத்தில் தெளிந்து நிற்பது பயோடீசல். அதைக் கழுவி உலர்த்த வேண்டும். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பற்றும்; ஆகவே இது வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலை அல்ல.

பழைய வண்டிக்கு இது ஒத்துப்போகும். முதலில் டேங்கில் படிந்த பழைய கசடைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். ஒன்றிரண்டு முறை மாற்றினால் சரியாகிவிடும். ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டும். மைலேஜ் கொஞ்சம் குறையும். குளிர்நாடுகளில் எண்ணெய் உறைவது பெரிய தலைவலி. பொன்னேரியின் மார்கழிக் குளிரில் அந்தப் பயம் இல்லை. 2020க்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளின் கதை வேறு. புகைவடிகட்டியைச் சுத்தம் செய்யும்போது பயோடீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். அவற்றுக்குச் சிறிதளவு கலப்பு மட்டுமே ஏற்றது.

ஏரிக்கரைக்கு இது வெறும் செலவுக் கணக்கல்ல. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எண்ணெய் படிந்து மீனவர் பிழைப்பு முடங்கியதை இந்தக் கரை அறியும். பயோடீசல் தண்ணீரில் சிந்தினால் டீசலைவிடப் பல மடங்கு வேகமாகச் சிதைகிறது. படகிலிருந்து சொட்டும் எரிபொருள் இறால் குஞ்சு வளரும் தண்ணீரில்தான் கலக்கிறது.

எனவே தொடக்கம் பொன்னேரி ஓட்டல்களில் இருக்கட்டும். மிஞ்சிய எண்ணெயை முறையாகச் சேகரித்து, ஐஎஸ் 15607 தரத்துக்குச் சோதித்து, பழைய மீன் வண்டிகளுக்கும் படகுகளுக்கும் முதலில் கொடுக்க வேண்டும். காட்டாமணக்கில் நேர்ந்ததுபோல் நாடு முழுமைக்கும் வாக்குறுதி தராமல், ஓர் ஏரிக்கரைக்குத் தேவையான அளவு செய்தால் இது நிலைக்கும்.