லாரி ஓட்டுநரின் ஊதியக் கணக்கு

விளைவித்தவர் கையிலும் நெய்தவர் கையிலும் இருக்கும்வரை பொருள் பணமாவதில்லை. அது சந்தைக்குச் சென்று சேர்ந்த பின்னரே பணமாகிறது. அங்ஙனம் கொண்டு சேர்க்கும் லாரி ஓட்டுநரின் வருமானத்தைப் பற்றி நம் அங்கத்தினர் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. “வடக்கே போகிற வண்டியில் நல்ல சம்பளம்” என்ற சொல்லை நம்பி, தறியையும் தோட்டத்தையும் விட்டுச் செல்லும் இளைஞர்கள் நம் குடும்பங்களில் இருக்கின்றனர். அந்தச் சொல்லை ஒரு முறை கணக்கிட்டுப் பார்ப்பது நம் கடமை.

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை இராஜ்யத்துடன் இணைந்தபோது நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து 1979ஆம் ஆண்டிலும், திருநெல்வேலியிலிருந்து 1981ஆம் ஆண்டிலும்தான் ரயில் வந்தது. அதன் பின்னரும் தோவாளைப் பூவும், செந்துளுவன், ஏத்தன், மட்டி முதலிய வாழைக்குலைகளும், குலசேகரம் பகுதி ரப்பரும், வடசேரித் துணியும் பெரும்பாலும் சாலை வழியேதான் செல்கின்றன. மேற்கே களியக்காவிளையைக் கடந்தால் கேரளம். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் திருநெல்வேலிச் சீமை. ஓட்டுநரின் வாழ்க்கையும் ஏறக்குறைய இவ்விரு வழிகளைப் போலவே இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார் அருகிலுள்ள ஊர்களுக்குச் சென்று அன்றிரவே வீடு திரும்புவோர். மற்றொரு சாரார் வடநாட்டுக்குச் சென்று வாரக்கணக்கில் வெளியே இருப்போர்.

ஊதியம் கொடுக்கப்படும் முறைகளும் பல. சிலருக்கு மாதச் சம்பளமும் நாட்படியும் உண்டு. சிலருக்கு நடை ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. வேறு சிலருக்கு வாடகையில் ஒரு பங்கு கிடைக்கிறது. நெசவாளருக்கு இது புதிதன்று. நாட்கூலிக்கும் உருப்படிக் கூலிக்கும் உள்ள வேற்றுமையே இங்கும் இருக்கிறது. உருப்படிக் கூலியில் நூல் அறுந்தால் நேரம் நமக்கு நஷ்டம். நடைக் கூலியில் வண்டி நின்றால் நேரம் ஓட்டுநருக்கு நஷ்டம்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுத் தொகைகளை இவற்றின் இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து டில்லி சுமார் 2,800 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் ஓடினாலும் போவதற்கு ஏழு நாள், வருவதற்கு ஏழு நாள். சரக்கு இறக்கவும் திரும்புச் சரக்குக்காகக் காத்திருக்கவும் ஆறு நாள் சேர்த்தால், ஒரு நடைக்கு 20 நாள் ஆகிறது. இதற்குச் சம்பளமும் படியுமாக 30,000 ரூபாய் என்று கொள்வோம். நாளொன்றுக்கு உணவு 350 ரூபாய் வீதம் 7,000 ரூபாய். தேநீர், குளியல், தொலைபேசி முதலிய சில்லறைச் செலவு 100 ரூபாய் வீதம் 2,000 ரூபாய். சரக்குக் குறைவுக்கான பிடித்தம், அபராதம், ரசீதில்லாக் கொடுப்பினைகள் 3,000 ரூபாய். ஆகச் செலவு 12,000 ரூபாய் போக, வீட்டுக்கு வருவது 18,000 ரூபாய். அடுத்த நடைக்கு முன் ஐந்து நாள் வீட்டில் தங்கினால், 25 நாளுக்கு ஒரு நடை என்றாகிறது. முப்பது நாள் மாதத்துக்கு இது 21,600 ரூபாய்.

மற்றவர் திருவனந்தபுரத்துக்குக் காய்கறியும் பூவும் கொண்டுசெல்பவர். நாளொன்றுக்கு 800 ரூபாய் வீதம் மாதம் 25 நாள் வேலை. வரவு 20,000 ரூபாய். வெளியில் மதிய உணவுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் போக, கையில் நிற்பது 17,500 ரூபாய்.

ஊரார் பேச்சில் இது முப்பதாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் உள்ள வேற்றுமை. வீட்டுக்கு வந்து சேர்ந்த பணத்தில் வேற்றுமை மாதம் 4,100 ரூபாய்தான். அதற்காக முதலாமவர் மாதத்தில் 24 இரவுகள் வெளியே கழிக்கிறார். வகுத்துப் பார்த்தால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 171 ரூபாய். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவும், தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற இரவும் இதற்குள் அடங்கும்.

மணிக்கணக்கிலும் பார்க்கவேண்டும். வெளியூர் வண்டியில் ஓட்டும் நேரம், ஏற்றி இறக்கும் நேரம், சரக்கைக் காவல் காக்கும் நேரம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 14 மணி என்று கொண்டால், 24 நாளுக்கு 336 மணி. மணிக்கு 64 ரூபாய். உள்ளூர் வண்டியில் நாளொன்றுக்கு 10 மணி வீதம் 250 மணி; மணிக்கு 70 ரூபாய். பெரிய தொகை வாங்குகிறவரே மணிக்குக் குறைவாக வாங்குகிறார்.

ஆயினும் உள்ளூர் வண்டியே எப்போதும் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. பாறையும் சல்லியும் ஏற்றிய டிப்பர்கள் நம் மாவட்டச் சாலைகள் வழியே கேரளத்துக்குச் செல்வதை நாம் காண்கிறோம். அவற்றுள் நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்ட இடத்தில், இன்னும் ஒரு நடை அடிக்கவேண்டும் என்ற அவசரமும் உடன் வருகிறது. இரவு வீட்டுக்கு வந்தாலும் தூங்க நேரமில்லாவிடில் அது வீட்டுக்கு வந்ததாகாது. மேலும், கடன் அடைக்கவோ சொந்த வண்டி வாங்கவோ இரண்டு மூன்று ஆண்டு வடக்கே ஓடுவது என்று கெடு வைத்துக்கொண்டு செல்பவரின் முடிவில் நியாயம் உண்டு. கெடுவின்றிச் செல்வதே கவலைக்குரியது.

சட்டம் இதைப் பற்றிச் சொல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணியும் வாரத்துக்கு 48 மணியுமே வேலை நேரம் என வரையறுத்தது. நெடுந்தூர வழிகளில் அனுமதி பெற்று மிஞ்சினாலும் பத்து மணியைத் தாண்டலாகாது. ஆனால், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே அது இயல்பாகப் பொருந்திற்று. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளரிடம் வேலை செய்வோர் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர். அச்சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தினுள் அடக்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ளது. நாளொன்றுக்கு எட்டு மணி என்ற அடிப்படை அதிலும் நிலைக்கிறது. 2025 அக்டோபர் முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் இன்னும் ஒரு படி மேலே சென்றுள்ளன. அங்கே நான்கரை மணி ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். நான்கு வாரத்துக்கு ஒரு முறையேனும் ஓட்டுநர் வீடு திரும்பும்படி நிறுவனம் வேலையை ஒழுங்கு செய்யவேண்டும் என்று 2020ஆம் ஆண்டில் விதி செய்தனர். வீட்டிலிருக்கும் நாளையும் உரிமையாக எண்ணும் இக்கருத்து நாம் கவனிக்கத் தக்கது.

சட்டம் வரும்வரை காத்திராமல் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. முதலாவதாக, ஓட்டுநர் உள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, புறப்பட்ட நாள், திரும்பிய நாள், வாங்கிய தொகை, வழிச்செலவு ஆகிய நான்கையும் எழுதி வருவது நல்லது. ஆறு மாதத்தில் உண்மை தானே விளங்கும். இரண்டாவதாக, 18 முதல் 60 வயதுக்குட்பட்ட அமைப்புசாரா ஓட்டுநர்கள் தமிழக அரசின் ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் கல்வி, விபத்து, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அதன்மூலம் உதவி உண்டு.

மூன்றாவது, சரக்கு அனுப்பும் நம்மைப் பற்றியது. வண்டி வந்து நின்ற பிறகு குலை வெட்டப் போவதும், துணிக்கட்டு கட்டத் தொடங்குவதும் நம்மிடையே உள்ள பழக்கம். நாம் வீணாக்கும் அரை நாளுக்கு ஓட்டுநருக்குக் கூலி இல்லை. அவர் வீட்டில் கழித்திருக்கவேண்டிய அரை நாளே அது. சங்கங்கள் ஏற்றும் நேரத்தை முன்னதாக அறிவித்து, அதற்குள் சரக்கைத் தயாராக வைக்கவேண்டும். தாமதம் நம்முடையதாயின் காத்திருப்புக் கூலி கொடுக்கவேண்டும். சங்க வளாகத்தில் குடிநீர், கழிப்பிடம், படுக்கச் சிறிது நிழல் ஆகியவை அமைக்கவேண்டும்.

நெசவாளியின் கூலியில் தறிக்குழியில் கழிந்த நேரத்தையும் சேர்த்து எண்ணவேண்டும் என்று நாம் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். அதே நீதியை நம் சரக்கைச் சுமந்து செல்பவருக்கும் வழங்குவோமாக.