கூலி என்னும் சொல்

கோலா கெத்தில் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளையொருவன் பள்ளிக்கூடப் பாரத்தை நிரப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘தகப்பனார் தொழில்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. “அம்மா, கூலி என்று எழுதுவதா?” என்று கேட்கிறான். அந்தச் சொல்லைச் சற்று ஆராய்வோம்.

கூலி பழந்தமிழ்ச் சொல். உழைப்புக்குக் கிடைக்கும் பயன் என்பது அதன் பொருள். திருவள்ளுவர் 619ஆம் குறளில் முயற்சியின் பலனைச் சொல்ல இச்சொல்லையே எடுத்தாண்டார். சட்டை தைத்தால் தையற்கூலி. மூட்டை ஏற்றினால் ஏற்றுக்கூலி. தாலி செய்தால் செய்கூலி. இவற்றைச் சொல்ல யாரும் கூசுவதில்லை. இங்கெல்லாம் கூலி என்பது பணத்தையே குறிக்கிறது.

வெள்ளைக்காரர் கப்பலில் ஆள் ஏற்றிய காலத்தில் அது ஆளின் பெயராயிற்று. ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்பர் சிலர். குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். சீனர் அவ்வொலியைக் ‘கசப்பு’, ‘வலிமை’ என்னும் பொருள்தரும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். மலாயிலும் கூலி என்றால் சுமை தூக்கும் ஆள். தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர் எல்லாரையும் இழிக்கும் சொல்லாயிற்று. அங்கே வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளையும் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர்.

ஆகவே தாய்மார்களே, சொல்லில் குற்றமில்லை; அதை மனிதருக்குச் சூட்டியதே குற்றம். பாரத்தில் ‘தோட்டத் தொழிலாளி’ என்று பிள்ளை எழுதட்டும். மலாயில் ‘பெக்கெர்ஜா லாடாங்’ என்று எழுதலாம். கூலி நாம் கைநீட்டி வாங்கும் உரிமை. நம்மைக் கூப்பிடும் பெயராக அது இருக்க வேண்டாம்.