எதிராளிக்கு இட்ட இருக்கை

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உலா. அன்று காலையில் பூம்பாவை நிகழ்ச்சி நடக்கும். பாம்பு தீண்டி இறந்த பெண்ணின் எலும்பும் சாம்பலும் வைத்த குடத்தின் முன் நின்று ஞானசம்பந்தர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் அப்போது ஓதப்படும். ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அந்தப் பதிகம் முழுக்கத் திருவிழாக்களாகவே வருகின்றன. இறைவன் இருக்கிறானா, உயிர் உடலுக்கு வேறானதா என்ற வாதம் அதில் கிடையாது, தேவையும் இல்லை. மாடவீதியில் மோர்ப் பந்தல் போடுகிறவரும், நாயன்மார் பல்லக்கைத் தோளில் தாங்குகிறவரும் ஒருவரிடம் ஒருவர் ஆதாரம் கேட்பதில்லை. தன் சொந்த மக்களுக்கு நடுவே மதம் தத்துவத்தின் துணை இல்லாமலே நன்றாக நடக்கும். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. தத்துவம்தான் மதத்தின் சாரம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தத்துவம் வளர்ந்தால் மதம் தேயும் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு வரலாறு இந்த இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. தன்னை நம்பாத ஒருவருக்கு மதம் விடைசொல்ல வேண்டி வரும்போது தத்துவம் பிறக்கிறது. அந்த எதிராளி எழுந்து போனதும் அது வாடத் தொடங்குகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று மணிமேகலை. பௌத்தத்தைப் போற்ற எழுந்த காப்பியம் அது. முடிவில் மணிமேகலை புத்த நெறியில் நோன்பு ஏற்கிறாள். அங்கே போய்ச் சேரும் வழியைக் காப்பிய ஆசிரியர் சாத்தனார் எப்படி அமைத்தார் என்று பார்க்க வேண்டும். வஞ்சி நகரில் ஆண் துறவி வடிவில் அவள் சமயவாதிகளை ஒவ்வொருவராகச் சந்திக்கிறாள்: அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி. ஒவ்வொருவரும் தம் கொள்கையைத் தம் வாயாலேயே சொல்கிறார்கள். முதலில் பேசும் அளவைவாதி காட்சி, கருதல், உவமம், ஆகமம் என்று எவற்றையெல்லாம் சான்றாக ஏற்கலாம் என்பதைத்தான் விளக்குகிறார். கடைசியில் வரும் பூதவாதியோ கண்ணால் காண்பதைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன் என்கிறார். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவரைத் திருப்பிக் கேட்கிறாள். இத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கேள்வி கூர் மழுங்கவில்லை. பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் போகிறாள். புத்தரின் அறத்தை விரித்துரைக்கும் முன் அடிகள் அவளுக்கு அளவையியல் பாடம் நடத்துகிறார். எது சரியான ஏது (காரணம்), எது போலி, எடுத்துக்காட்டு எங்கே பழுதுபடும் என்று அந்தக் காதையின் பெரும்பகுதி இதிலேயே போகிறது. கதைச் சுவை தேடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. என் கணிப்பில் காப்பியத்தின் உயிர்நிலையே அங்குதான் இருக்கிறது. சேர வேண்டிய இடம் முன்பே தெரிந்திருந்தாலும், எல்லாத் தரப்புக்கும் பொதுவான விதிகளின் வழியே நடந்துதான் அங்கே போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அந்தக் காதை ஏற்றுக்கொள்கிறது.

சைவமும் இதே கட்டுப்பாட்டை ஏற்றது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரங்களில் அமைத்து, அவற்றின் கருத்துகளை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பகுத்து நிறுவினார். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரண்டு பகுதிகளாகச் செய்தார். பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பது பரபக்கம். தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம். பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை பதினான்கு தரப்புகள் வருகின்றன. பௌத்தர்களில் மட்டும் நான்கு பிரிவினர். ஒவ்வொரு தரப்பையும் முதலில் முழுதாகச் சொன்ன பிறகே மறுப்பு தொடங்குகிறது. சுபக்கம் சிவனைப் பற்றிப் பேசுமுன் அளவையைப் பற்றிப் பேசுகிறது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு காரணம் தேடுவது வக்கீல் வேலை, அதைத் தத்துவம் என்று எப்படிச் சொல்வது? முடிவு உண்மையிலேயே முன்கூட்டித் தீர்ந்துபோயிருந்தால் இந்த ஆட்சேபத்துக்கு விடை கிடையாது. ஆனால் அது தீர்ந்திருக்கவில்லை. சித்தியார் சுபக்கத்துக்கே அறுவர் உரை எழுதியிருக்கிறார்கள். ஒரே நூல், ஒரே தெய்வம். இருந்தும் முத்தியில் உயிர் சிவனுக்குச் சமமாகிவிடுகிறது என்று யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் ஒரு வழியில் போனார். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதை மறுத்துத் தனி நூலே எழுதினார். சங்கரரும் இராமானுசரும் ஒரே பிரம்ம சூத்திரத்துக்கு உரை செய்து, இந்த உலகம் எவ்வளவு மெய் என்ற கேள்வியிலேயே பிரிந்தார்கள். வேதத்தின் மீது கொண்ட பற்று மட்டும் முடிவைத் தந்துவிடும் என்றால் இந்தப் பிளவுகள் வந்திருக்கவே முடியாது. நம்பிக்கை ஒருவரைப் புறப்பட வைக்கிறது. எங்கே போய் நிற்பார் என்பதை வாதமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இந்த வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. மயிலையில் பூம்பாவையைப் பாடிய அதே சம்பந்தர் மதுரையில் சமணர்களை எதிர்கொண்டதைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. அங்கே நடந்தவை அனல்வாதமும் புனல்வாதமும். இரு தரப்பு ஏடுகளையும் தீயில் இட்டார்கள். பிறகு வையை ஆற்றில் விட்டார்கள். எரியாமல் நின்றதும் வெள்ளத்தை எதிர்த்து ஏறியதும் வென்றதாகத் தீர்ப்பு. தோற்ற சமணர்கள் கழுவேறினார்கள் என்று புராணம் முடிக்கிறது. அது வரலாற்றில் நடந்ததா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு சமூகம் அதை வெற்றிக் கதையாகச் சொல்லி வந்தது என்பதே போதுமான செய்தி. பெயர் வாதம்தான், ஆனால் அங்கே ஏதுவுக்கும் எடுத்துக்காட்டுக்கும் இடமில்லை. எதிராளியை ஒப்புக்கொள்ள வைப்பது நோக்கமாக இருக்கும் வரைதான் தத்துவம் தேவைப்படுகிறது. அவரை அகற்றுவது நோக்கமானால் நெருப்பு போதும். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் இன்று சில பாடல்களாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதன் வாதங்கள் என்னவென்று நமக்கு ஓரளவாவது தெரிய முக்கியக் காரணம், அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியும் அதன் உரையும். அதைக் காப்பாற்றிக் கொடுத்தது, மறுக்கத் தகுந்தது என்று அதை மதித்த எதிராளியின் நூல்.

எதிராளியை இல்லாமல் செய்ய மிக மென்மையான வழியும் ஒன்று உண்டு. 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய தியாசபிகல் சொசைட்டி 1882 டிசம்பரில் அடையாறு ஆற்றின் தென்கரைக்கு வந்தது. சத்தியத்தைவிட உயர்ந்த மதம் இல்லை என்பது அதன் குறிக்கோள் வாசகம். வளாகத்துக்குள் பல மதங்களின் வழிபாட்டிடங்களை அமைத்தார்கள். 1886இல் தொடங்கிய அடையாறு நூலகம் ஏராளமான சுவடிகளைக் காத்து அச்சேற்றியது. இந்த நற்பணியை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் எல்லா மதங்களும் வேரில் ஒன்றே என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், வேறுபாடுகளெல்லாம் மேற்பூச்சாகிவிடும். உயிர் என்று ஒன்று இல்லை என்ற பௌத்தரும், உயிர் அநாதி என்ற சைவரும் உண்மையில் ஒன்றைத்தான் சொன்னார்கள் என்றால் இருவர் சொன்னதையும் நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று பொருள். அடையாற்றில் எதிராளி உள்ளிருந்தே வந்தார். 1909இல் அடையாறு கடற்கரையில் சொசைட்டியைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்டெடுத்த சிறுவன் கிருஷ்ணமூர்த்தியை உலக குருவாக ஆக்க 1911இல் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஹாலந்தின் ஓமன் முகாமில், சொசைட்டியின் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் முன்னிலையிலேயே, கிருஷ்ணமூர்த்தி அந்தச் சங்கத்தைக் கலைத்தார். உண்மையை எந்த அமைப்பாலும் கொண்டுவந்து கொடுக்க முடியாது என்பது அவர் வாதம். பிற்காலத்தில் சென்னைக்கு வரும்போதெல்லாம் அவர் தங்கிப் பேசிய வசந்த விஹார் ஆற்றின் வடகரையில், கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. சொசைட்டி வளாகத்துக்குள் அவர் மறுபடி நுழைய ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1980இல் ராதா பர்னியர் தலைவரான பிறகே அது நடந்தது. இத்தனை ஆண்டுகள் ஆற்றின் இரு கரையிலும் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருந்தால் எவ்வளவு விலைமதிப்பான வாதம் கிடைத்திருக்கும்.

அப்படி நேருக்கு நேர் மோதியதால் என்ன விளையும் என்பதற்கும் இதே நகரில் உதாரணம் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் ஸ்காட்லாந்துக்காரரான ஏ.ஜி. ஹாக் தத்துவம் கற்பித்தார். கர்மக் கொள்கையை அவர் தீவிரமாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்து விமரிசித்தார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்பது அந்நாளைய மிஷனரிகள் பலரின் குற்றச்சாட்டு. அதற்கு விடையாக மாணவர் ராதாகிருஷ்ணன் எழுதிய ஆய்வுரை, வேதாந்தத்தின் அறவியல் பற்றியது, 1908இல் நூலாக வந்தது. கிறித்துவ விமரிசகர்களின் அறைகூவல்தான் தன்னை இந்து மதத்தை ஆராயத் தூண்டியது என்று பின்னாளில் அவரே பதிவு செய்தார். 1920இல் வந்த இன்னொரு நூலில் மேற்கத்தியத் தத்துவவாதிகள் மீது அவர் ஒரு குற்றம் சாட்டினார். தங்கள் மதச் சார்பைத் தத்துவத்துக்குள் கடத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் யோசித்தால் பரம்பொருள் ஒன்றே என்ற முடிவுக்குத்தான் வருவார்கள் என்றார். அந்த முடிவு அவர் பிறந்து வளர்ந்த அத்வைதத்துக்கு மிக அருகில் இருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இதை அவருடைய தனிப்பட்ட குறை என்று நான் எண்ணவில்லை. தன் பிறப்பின் சாயலை முற்றிலும் கழுவிவிட்டு யோசிக்க ஒருவராலும் முடிவதில்லை. ஆனால் அந்தச் சாயலை எதிராளியின் பார்வைக்கு வைக்கலாம். ஹாக் இல்லாமல் அந்த ராதாகிருஷ்ணன் உருவாகியிருப்பாரா என்பது சந்தேகமே.

ஐரோப்பாவில் தத்துவம் மதத்தை விட்டு விலகிய பிறகுதானே சுதந்திரம் அடைந்தது என்று கேட்கலாம். ஸ்பினோசா 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்திலிருந்து விலக்கப்பட்டார். மதம் பற்றி எழுதியதற்காக 1794இல் காண்ட் பிரஷ்ய மன்னரின் கண்டனத்துக்கு ஆளானார். இவர்களுக்குத் தேவைப்பட்டது தண்டனையிலிருந்து விடுதலை. மதத்தோடு பேசுவதை அவர்கள் நிறுத்தவே இல்லை. இருவருமே மதத்தைப் பற்றி ஆழ்ந்து எழுதியவர்கள். 1880களில் சென்னையிலிருந்து வெளிவந்த தத்துவ விவேசினி இதழின் நாத்திகர்களும் புராணங்களைப் படித்து, வரிக்கு வரி கேள்வி கேட்டவர்கள்தாம். அவர்களுக்கும் பின்வந்த பெரியாருக்கும் சைவ வைணவத் தரப்பிலிருந்து அருணந்தியின் தரத்தில் எத்தனை விடைகள் வந்தன? ஆத்திரம் நிறைய வந்தது. எதிர்த் தரப்பை முதலில் முழுதாகச் சொல்லிவிட்டு மறுத்த எழுத்து மிகக் குறைவு.

இன்று மயிலாப்பூரிலும் தி.நகரிலும் உபந்நியாசங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் மறுக்கப்படும் பௌத்தர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கிருந்து மறைந்தவர். அவர் எழுந்து மறுவினா கேட்கப் போவதில்லை. உயிரோடு இருக்கும் எதிராளி வேறு வாசலைத் தேடிப் போய்விட்டார். மதத்துக்கு எது இன்றியமையாதது என்ற கேள்வியை 1954இல் ஷிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கையில் எடுத்தது. அது சென்னை மாகாணத்தின் 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்து எழுந்த வழக்கு. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டத்தை 1972இல் அதே நீதிமன்றம் ஆராய்ந்தபோது, ஆகமம் என்ன சொல்கிறது, யார் தொட்டால் திருமேனியின் புனிதம் கெடும் என்றெல்லாம் நீதிபதிகள் பேச வேண்டியிருந்தது. 2021இல் பல சாதியினரையும் தமிழக அரசு அர்ச்சகர்களாக நியமித்தபோது அதே கேள்விகள் மறுபடி வழக்குகளாயின. ஆகமத்துக்கு எவ்வளவு அதிகாரம், அதை அனுமானத்தால் மறுக்கலாமா, புனிதம் என்பது பொருளில் உள்ளதா மனத்தில் உள்ளதா: இவை அறவண அடிகளும் அருணந்தியும் நாள்கணக்கில் உட்கார்ந்து பேசியிருக்கக்கூடிய கேள்விகள். மடங்களும் சபாக்களும் பட்டியல் சாதியிலிருந்து ஆகமம் படித்து வந்த ஓர் இளைஞரை எதிரே உட்கார வைத்து, அவர் தரப்பை அவர் வாயாலேயே கேட்டிருந்தால் அவருக்கு நீதிமன்றப் படியேற வேண்டிய அவசியம் குறைந்திருக்கும். கருவறைக்குள் யார் நிற்கலாம் என்று நீதிபதி உத்தரவு போட முடியும். அது ஏன் சரி என்று பக்தரை ஒப்புக்கொள்ள வைக்கும் வேலை அவருடையது இல்லை. அந்த வேலை இன்னும் தொடங்கப்படாமலே கிடக்கிறது.